‘மை ஃபாதர் இஸ் ஆன் தி ரோடு’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். ரோடு என்ற வார்த்தையோடு எது எது சேரும்?

அடிவாரம்_டாக்சி:

வணக்கங்க. சேலத்தில் டாக்சி ஓட்டுகிறேன். ஜங்ஷனில் ஆளை ஏற்றி ஏற்காட்டில் இறக்குவது, மறுநாள் லூப் ரோடு சுற்றிக் காட்டுவது, பெரும்பாலும் இதுதான் பிழைப்பு. பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் பேசப் பயமெல்லாம் கிடையாது, தப்போ சரியோ இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் எப்படியோ புரிய வைத்துவிடுவேன். ஆனால் முந்தாநாள் நடந்ததில் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

வெளிநாட்டுத் தம்பதி, இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார், வீட்டைப் பற்றிக் கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருந்தது. கூட்டாளி ஒருவரை நம்பிக் கடன் வாங்கி, வட்டி கட்டி, கடைசியில் பட்டறையும் போய் ரோட்டுக்கு வந்துவிட்டோம். இதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, ‘மை ஃபாதர் சில்வர் பிசினஸ். நவ் மை ஃபாதர் இஸ் ஆன் தி ரோடு.’ அவருக்கு ஒரே சந்தோஷம். எந்தெந்த ஊருக்குப் போவார், இந்த வயதில் அலைச்சல் கஷ்டமாக இல்லையா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். பதினோராவது வளைவு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஊர் ஊராக வெள்ளி விற்கப் போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். திருத்திச் சொல்ல வார்த்தை இல்லை. யெஸ் யெஸ் என்று தலையாட்டிவிட்டேன். அப்பா வீட்டில் ஈசிசேரில் உட்கார்ந்திருக்கிறார்.

ரோடு என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தைங்க. ஐந்து ரோடு, நாலு ரோடு, செர்ரி ரோடு, எங்கள் ஊரில் பாதி இடத்துக்குப் பெயரே அதுதான். அகராதியைப் பார்த்தால் ‘சாலை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. இந்த ரோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் எந்தெந்த வார்த்தை வரும், வந்தால் அர்த்தம் எப்படி மாறும், தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஒருவர் ‘ஹிட் தி ரோடு’ என்று சொன்னதற்கு நான் எதில் இடித்தோம் என்று கண்ணாடியைப் பார்த்த கதை தனியாக இருக்கிறது.


ஹஸ்தம்பட்டி_டீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, அதுதான் வேடிக்கை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக இங்கிலீஷ் எடுத்தவள் நான். ஒரு பிழைகூட இல்லாத விடைத்தாளைப் படித்துவிட்டு, ஆனால் இப்படி யாரும் பேசமாட்டார்களே என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. தெரியாத வார்த்தையில் பிள்ளைகள் தப்பு செய்வது குறைவு, பயந்து அகராதியைப் பார்த்துவிடுவார்கள். இந்த ரோடு மாதிரி தமிழாகவே ஆகிவிட்ட வார்த்தைதான் காலை வாரும். ரோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் சொந்தக்காரர்கள் கூட வரவில்லை. இங்கே வந்து வேறு ஆட்களோடு பழகிவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஆன் தி ரோடு’ என்றால் பயணத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி, கச்சேரிக்குச் சுற்றும் பாடகர், லாரி ஓட்டுநர், இவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த அம்மா சரியாகத்தான் புரிந்துகொண்டார். அதே ‘ஆன் தி ரோடு’க்குப் பின்னால் ஒரு ‘டு’ சேர்த்தால் வேறு கதை. ‘ஆன் தி ரோடு டு ரெகவரி’ என்றால் உடம்பு தேறி வருகிறது. இங்கே யாரும் எங்கும் போகவில்லை, நோயாளி கட்டிலில்தான் படுத்திருக்கிறார்.

வீடு வாசல் இழந்ததைச் சொல்ல இங்கிலீஷுக்கு ரோடு பிடிக்காது, ஸ்ட்ரீட்தான் வேண்டும். ‘அவுட் ஆன் தி ஸ்ட்ரீட்’ என்றால் இருக்க இடமில்லாமல் நிற்பது. நாமும் பழைய தமிழில் நடுத்தெருவில் நிற்கிறோம் என்றுதான் சொன்னோம், பாருங்கள், அது அச்சாகப் பொருந்துகிறது. தெருவை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்ததில்தான் தகராறு. அதற்காக நடுரோட்டை அப்படியே மொழிபெயர்த்து ‘மிடில் ஆஃப் தி ரோடு’ என்று போய்விடாதீர்கள். மாடு நடுரோட்டில் நிற்பதற்கு அதைச் சொல்லலாம். ஒரு மனிதரையோ கட்சியையோ பாட்டையோ அப்படிச் சொன்னால் அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல் சுமாராக இருக்கிறது என்று ஆகிவிடும். உங்கள் அப்பாவுக்கு ‘ஹி லாஸ்ட் எவ்ரிதிங்’ போதும். மூன்று வார்த்தை, ரோடும் வேண்டாம் தெருவும் வேண்டாம்.

ஏன் ரோடு மட்டும் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டால், அதன் பிறப்பு அப்படி. பழைய இங்கிலீஷில் அது குதிரை மேல் போவதைக் குறித்த சொல், இன்றைய ‘ரைடு’க்கு உடன்பிறப்பு. நம் ஊர் செய்தியில் தினமும் வரும் வருமான வரி ‘ரெய்டு’ இருக்கிறதே, அதுவும் அதே வார்த்தையின் ஸ்காட்லாந்து வடிவம்தான், குதிரையில் வந்து கொள்ளையடித்துப் போவது. ஸ்ட்ரீட் லத்தீனிலிருந்து வந்தது, கல் பாவிய பாதை என்று பொருள். ஒன்று போவது, இன்னொன்று கிடப்பது. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும் திறந்த கடலுக்கும் ‘ரோட்ஸ்’ என்று பெயர் உண்டு, சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்ற கடலில்தான் நின்றன, அங்கிருந்து மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். இது உங்கள் சவாரிக்கு உதவாது, எனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

சவாரிக்கு உதவுவது இது. ‘பிசி ரோடு’ என்றால் வண்டி நெருக்கமான ரோடு. ரோடு எப்படி டீச்சர் பிசியாக இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். ஆனால் ‘ஹெவி ரோடு’ என்று சொல்லாதீர்கள், ஹெவி என்பது டிராஃபிக்குக்குப் போகும். ஏற்காடு ஏறும் ரோட்டுக்கு ‘வைண்டிங்’ அழகாகச் சேரும், வளைந்து வளைந்து போவது. செங்குத்தாக இருந்தால் ‘ஸ்டீப்’, குண்டும் குழியுமாகத் தூக்கிப் போட்டால் ‘பம்பி’. ரோடு பிரியும் இடத்துக்கு ‘ஃபோர்க்’, முள்கரண்டி மாதிரி பிரிகிறதாம். ‘ஹிட் தி ரோடு’ என்றால் கிளம்பலாம், அவ்வளவுதான். சொன்னால் ப்ரேக் போட வேண்டாம், சாவியைப் போட வேண்டும்.


ஜல்லி_தார்:

டீச்சர் சொன்னதோடு என் பக்கம் கொஞ்சம். நான் ரோடு போடும் வேலையில் சூப்பர்வைசர், ஓமலூர் பக்கமும் மலையிலும் மாறி மாறிப் போட்டிருக்கிறோம். ரோட்டின் மேல் ஓடுபவர்களுக்கு ஒரு இங்கிலீஷ், ரோட்டைப் போடுபவர்களுக்கு ஒரு இங்கிலீஷ்.

முதலில் இந்த ‘போடு’. தமிழில் ரோடும் போடுவோம், டீயும் போடுவோம், சட்டையும் போடுவோம், சண்டையும் போடுவோம். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ரோட்டுக்கு ‘பில்டு’ அல்லது ‘லே’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ‘வீ புட் ரோடு’ என்று மெயில் அனுப்பி, மேலே இருந்தவர் எங்கே வைத்தீர்கள் என்று பதில் போட்டார். இன்றுவரை சைட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருக்கும் ரோட்டின் மேல் மறுபடி ஒரு அடுக்கு போட்டால் ‘ரீசர்ஃபேஸ்’.

‘டர்ட் ரோடு’ என்று யாராவது சொன்னால் அசிங்கமான ரோடு என்று நினைக்க வேண்டாம், மண் ரோடு. குப்பை கிடந்தால்தான் ‘டர்ட்டி’. ஒரு எழுத்து வித்தியாசம், ஆனால் உங்கள் பயணி ‘இது டர்ட் ரோடா’ என்று கேட்டால் ஊரைக் குறை சொல்கிறார் என்று கோபப்பட்டுவிடாதீர்கள். அப்புறம் பழைய அரசு ஆவணங்களில் ‘மெட்டல்டு ரோடு’ என்று வரும். சேலத்தில் இரும்பாலை இருப்பதால் எங்கள் சைட்டுக்கு வந்த ஒரு பையன் ரோட்டுக்கு அடியில் கம்பி போடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்த மெட்டல் உலோகம் இல்லை, உடைத்த ஜல்லி. லத்தீனில் சுரங்கத்துக்கும் கல் எடுக்கும் குவாரிக்கும் இருந்த சொல்லிலிருந்து வந்தது என்று எங்கள் இன்ஜினியர் விளக்கினார். கப்பி ரோடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு விஷயம் எனக்கே ரொம்ப நாள் தெரியாது. சைட்டில் ரோட்டு அடுக்குகளை டபிள்யூ.பி.எம்., டபிள்யூ.எம்.எம்., டி.பி.எம். என்று நாள் முழுக்கக் கத்துகிறோம். கடைசியில் வரும் அந்த எம் எல்லாவற்றிலும் ‘மெக்காடம்’, அது ஒரு ஆளின் பெயர். ஜான் லவுடன் மெக்காடம், ஸ்காட்லாந்துக்காரர், உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் பரப்பிக் கெட்டிப்படுத்தும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர். அவர் போட்ட ரோட்டில் தார் கிடையாது. தாரைச் சேர்த்தது பின்னால், 1902-இல் ஹூலி என்பவர் காப்புரிமை வாங்கினார், தாரும் மெக்காடமும் ஒட்டி ‘டார்மாக்’ ஆனது. விமானம் நிற்கும் தளத்தை டார்மாக் என்கிறார்களே, அது இந்த மனிதரின் பாதிப் பெயர்தான். இப்போது நாங்கள் ஊற்றுவது உண்மையில் தாரே இல்லை, கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் பிடுமென். ஆனால் யாரிடம் சொன்னாலும் தார் ரோடு தார் ரோடுதான்.

மலையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. மலை ரோட்டில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், அது விதி. இங்கிலீஷில் வழிவிடுவது ‘கிவ் வே’. நீங்கள் கீழே இறங்கும்போது ‘ஐ கேவ் வே’ என்றால் ஒதுங்கி நின்றீர்கள். ‘தி ரோடு கேவ் வே’ என்றால் ரோடு ஒதுங்கவில்லை, சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. மழைக்காலத்தில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பின்சீட்டில் அலறல்தான்.


சும்மா_ஒரு_கருத்து:

இதெல்லாம் தேவையா? வெளிநாட்டுக்காரன் தமிழ்நாட்டுக்கு வந்து ‘ஏற்காடு போறான் நான்’ என்று பேசினால் நாம் கைதட்டுகிறோம். நம்ம ஆள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதற்கு லத்தீன் வரைக்கும் போகிறீர்கள். அவர் ஓட்டுகிறார், அவர்கள் காசு கொடுக்கிறார்கள், புரிந்தால் போதும்.


அடிவாரம்_டாக்சி:

அண்ணா, உங்கள் பேச்சு மனசுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் புரியவில்லையே, அதுதானே பிரச்சினை. புரிந்த மாதிரியே இருந்தது, புரியவில்லை. தப்பாகப் பேசினால்கூட என்ன என்று திருப்பிக் கேட்பார்கள்.

டீச்சருக்கும் ஜல்லி அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. ‘டர்ட் ரோடு’ நல்ல நேரத்தில் சொன்னீர்கள், போன சீசனில் இதற்காக ஒருவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், பாவம் அவர்.

இன்னும் இரண்டு சந்தேகம். எதிரே ஒருத்தன் நம் பக்கத்தில் ஏறி வந்தால் நாங்கள் ‘ராங் ரூட்டில் வருகிறான்’ என்போம். ஒரு பயணியிடம் அதைச் சொன்னதற்கு அவர் போனில் மேப்பை எடுத்து, இல்லை இல்லை நாம் சரியாகத்தான் போகிறோம் என்று எனக்குத் தைரியம் சொன்னார். இதில் என்ன தப்பு? இரண்டாவது, வண்டி ஷெட்டில் நிற்கிறது, இன்றைக்கு வராது என்று சொல்ல ரோட்டை வைத்து ஏதாவது இருக்கிறதா? ‘மை கார் நாட் இன் ரோடு’ என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.


லூப்ரோடு_ரிசப்ஷன்:

நான் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் பட்ட அனுபவம்தான்.

முதல் அடி ‘டவுன் தி ரோடு’. ராத்திரி ஒன்பது மணி, பனி இறங்கிவிட்டது, பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. பிரிட்டிஷ் விருந்தினர் ஒருவர் போன் செய்து ‘வீ ஆர் ஜஸ்ட் டவுன் தி ரோடு ஃப்ரம் யூ’ என்றார், வண்டி நின்றுவிட்டதாம். டவுன் என்றால் கீழேதானே? டார்ச்சைக் கொடுத்துப் பையனைக் கீழே இறக்கிவிட்டேன். அவன் முக்கால் மணி நேரம் தேடிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தான். அவர்கள் நின்றது எங்களுக்கு மேலே, இருநூறு அடி தள்ளி. ‘டவுன் தி ரோடு’ என்றால் இந்த ரோட்டிலேயே, பக்கத்தில்தான் என்று அர்த்தமாம், ஏற்றமா இறக்கமா என்று அவர்கள் பார்ப்பதில்லை. மலையில் குடியிருக்கிறவனுக்கு இது என்ன அநியாயம், சொல்லுங்கள். இதே வார்த்தையை நேரத்துக்கும் போடுவார்கள், ‘டூ இயர்ஸ் டவுன் தி ரோடு’ என்றால் இன்னும் இரண்டு வருடம் கழித்து. அதற்கும் யாரையும் டார்ச்சோடு அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, ‘பேவ்மென்ட்’. அமெரிக்கக் குடும்பம் ஒன்று, ஒரு எஸ்டேட் பங்களாவைப் பார்க்கப் போக வேண்டும், அது வரைக்கும் பேவ்மென்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் ப்ளாட்பாரத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, மலையில் அதெல்லாம் ஏது, இல்லை என்றேன். அவர்கள் போகவே இல்லை. நல்ல தார் ரோடு இருக்கிறது அங்கே. அமெரிக்காவில் பேவ்மென்ட் என்றால் ரோட்டின் கெட்டியான மேல்தளமே அதுதான். பிரிட்டனில் நடைபாதை. நாம் ஃபுட்பாத் என்பதை அமெரிக்காவில் ‘சைடுவாக்’ என்பார்கள். ‘வாக் ஆன் தி பேவ்மென்ட்’ என்று பாதுகாப்புக்காகச் சொன்னால், கேட்பவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்து அவர் ஓரமாகவும் நடக்கலாம், நடுரோட்டிலும் நடக்கலாம்.

அப்புறம் ‘ஒன் ஃபார் தி ரோடு’. கிளம்புவதற்கு முன் கடைசியாகக் குடிக்கும் ஒரு ரவுண்டு. பொதுவாக மதுவுக்குச் சொல்வது, ஆனால் எங்களிடம் ஒருவர் எஸ்டேட் காபி நன்றாக இருக்கிறதே என்று விளையாட்டாகக் காபிக்குச் சொன்னார். சர்வர் ரோட்டுக்கு வேண்டும் என்கிறார் என்று காபியைப் பார்சல் கட்டி, ரப்பர் பேண்ட் எல்லாம் போட்டுக் காரில் கொண்டு போய் வைத்துவிட்டார். அவர் அரை மணி நேரம் மேஜையில் காத்திருந்தார்.

தட்டுவடை செட் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் ஒன்று. அதை விற்கும் வண்டியை ‘ரோட்சைடு ஸ்டால்’ எனலாம், ஆனால் சாப்பாட்டுக்கு ‘ஸ்ட்ரீட் ஃபுட்’தான் சேரும். கடை ரோட்டில், பண்டம் தெருவில். காரணம் கேட்காதீர்கள்.


ஹஸ்தம்பட்டி_டீச்சர்:

ரிசப்ஷன் தம்பி எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், பையனுக்கு அன்றைக்குச் சூடாக ஏதாவது கொடுத்தீர்களா?

டாக்சித் தம்பிக்கு. ‘ரூட்’ என்றால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் வழி. ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாகப் போவது ஒரு ரூட், குப்பனூர் வழியாகப் போவது இன்னொரு ரூட். ஆகவே ராங் ரூட் என்றால் வழி தவறிவிட்டோம். அவர் மேப்பை எடுத்தது நியாயம்தான். எதிரே ஏறி வருகிறவன் ‘ஆன் தி ராங் சைடு ஆஃப் தி ரோடு’.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, ‘ஆஃப் தி ரோடு’. ரிப்பேருக்கு விட்டிருக்கிறது, ஓடும் நிலையில் இல்லை என்று பொருள். ஆனால் முன்னால் வரும் வினையில் கவனம். ‘தி கார் இஸ் ஆஃப் தி ரோடு’ என்றால் ஷெட்டில் இருக்கிறது. ‘தி கார் ரேன் ஆஃப் தி ரோடு’ என்றால் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்துக்கோ மரத்துக்கோ போய்விட்டது. நம் மலையில் அது எதைக் குறிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது வண்டி வாங்கும்போது ‘ஆன் ரோடு’ விலை என்கிறோமே, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ரோட்டில் இறக்கும் விலை, அதை பிரிட்டனில் நடுவில் ஒரு ‘தி’ போட்டு ‘ஆன் தி ரோடு ப்ரைஸ்’ என்பார்கள். அங்கேயும் உங்கள் ‘ஆன் தி ரோடு’ வந்துவிட்டது பாருங்கள், ஓடத் தயார் என்ற பொருளில்.

இந்தச் சின்ன ‘தி’யைப் பற்றி ஒரு வார்த்தை, மற்ற இடத்தில் என்னவோ, ரோட்டில் இது வேலை செய்யும். ‘ஓமலூர் ரோடு’ என்று மொட்டையாகச் சொன்னால் அது பெயர், பலகையில் எழுதியிருப்பது. ‘தி ஓமலூர் ரோடு’ என்றால் ஓமலூருக்குப் போகிற ரோடு, அதற்கு வேறு பெயர்கூட இருக்கலாம். பஸ்ஸிலோ காரிலோ போவதைப் பொதுவாகச் சொல்ல ‘பை ரோடு’, அங்கே ‘தி’ வரவே கூடாது. காட்டெருமை வழியில் நின்றால் பிரிட்டிஷ்காரர் ‘இன் தி ரோடு’ என்று சொல்வதைக் கேட்பீர்கள், மறித்துக்கொண்டு நிற்கிறது என்ற அழுத்தம் அதில் இருக்கிறது. தப்பு என்று திருத்தப் போகாதீர்கள், முதலில் ஹெட்லைட்டைக் குறையுங்கள்.

கருத்து சொன்ன தம்பிக்கு: நான் யாரையும் திருத்தவில்லை. நாம் சாலை மறியலை ‘ரோடு ரோகோ’ என்று இங்கிலீஷ் பேப்பரில் எழுதுகிறோம், மலைப்பாதையை ‘காட் ரோடு’ என்கிறோம், இதெல்லாம் நாம் அந்த மொழிக்குக் கொடுத்தவை, அவற்றை மாற்றச் சொல்ல நான் யார். ஐந்து ரோட்டுக்கு மேலே 2020-இல் திறந்த ஈரடுக்குப் பாலத்தை நாம் ‘ஃப்ளைஓவர்’ என்கிறோம், அமெரிக்கர் ‘ஓவர்பாஸ்’ என்பார், அவருக்காக நாம் பெயரை மாற்றப் போவதில்லை. ஆனால் ஒருவர் தன் அப்பாவைப் பற்றி மனசு விட்டுச் சொல்ல வந்து, அது வியாபாரப் பயணமாகப் போய்ச் சேர்ந்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு யோசனை. நோட்டில் ரோடு, சாலை என்று எதிரெதிரே எழுதாதீர்கள். கேட்ட துண்டை முழுசாக எழுதுங்கள், பக்கத்தில் யார் சொன்னார், எந்த வளைவில் சொன்னார் என்று குறித்து வையுங்கள். உங்களுக்கு இருபது வளைவு இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று மாட்டி வைத்தாலே போதும்.


சும்மா_ஒரு_கருத்து:

சரிங்க டீச்சர், வாபஸ். எங்கள் வீட்டுப் பக்கம் தோட்டத்துக்குப் போகிற இட்டேரிக்கு என்ன சொல்வது, அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும்.


ஹஸ்தம்பட்டி_டீச்சர்:

அடடா, அழகான சொல். ‘லேன்’ கிட்டத்தட்ட அதேதான், வேலிக்கு நடுவே போகும் குறுகின வழி. அதே லேன்தான் இன்றைக்கு உங்கள் பைபாஸில் வெள்ளைக் கோடு போட்டு நாலாகப் பிரிந்து ஓடுகிறது.


அடிவாரம்_டாக்சி:

எல்லோருக்கும் நன்றிங்க. இன்றைக்குக் காலையில் அதே தம்பதியை ஏற்காட்டிலிருந்து ஜங்ஷனுக்கு இறக்கினேன். இறங்கும்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஐந்தாறு வளைவு சும்மாவே வந்தேன். அப்புறம் ஒரு லாரி ஏறி வந்தது, ஒதுங்கி நின்றேன், ‘ஐ கேவ் வே’ என்று சொல்லிப் பார்த்தேன், அவர் ‘வெரி குட் ஆஃப் யூ’ என்றார். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். ‘மேடம், மை ஃபாதர் இஸ் நாட் ஆன் தி ரோடு. ஹி லாஸ்ட் எவ்ரிதிங். ஹி இஸ் அட் ஹோம்.’

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிச் சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளாக, எழுபது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளி விற்கப் போகிறார் பாருங்கள், நீங்கள் இரண்டு படி ஏற முடியவில்லை என்கிறீர்கள் என்று அவரைப் போட்டு வாட்டியிருக்கிறார். அவருக்குத்தான் ரொம்ப நிம்மதி. இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வண்டியை நாளைக்கு சர்வீசுக்கு விடுகிறேன். ‘மை கார் வில் பி ஆஃப் தி ரோடு டுமாரோ’. சரிதானே டீச்சர்?


ஹஸ்தம்பட்டி_டீச்சர்:

சரி தம்பி. அவசரத்தில் ‘ரன்’ மட்டும் போட்டுவிடாதீர்கள்.